பிள்ளையைப் பார்க்க வந்தவர் கையில் துடைப்பம் எதற்கு?

நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் பாராமல் மூன்று ஷிப்டில் ஓடுகின்றன. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், ஊரிலிருந்து பாட்டி வந்து தங்க முடியாத நிலையில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. முத்தாண்டிக்குப்பம் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களுக்கு முந்திரித் தோப்பை விட்டால் மாதச் சம்பளம் தரும் வேலைகள் குறைவு. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், இந்த வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஒரு முந்திரிக் கன்று வளர்ந்து முழுப் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். தோப்பை நம்பிய குடும்பத்துக்கு அப்படி ஒரு அடி விழும்போது, அடுத்தவர் வீட்டு வேலைதான் கைகொடுக்கிறது. ஆக, வேலை கொடுப்பவருக்கும் தேவை இருக்கிறது, செய்ய வருபவருக்கும் தேவை இருக்கிறது. இந்த இரண்டு தேவைக்கும் நடுவே பேசப்படாமல் விடுபடும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா, வீட்டு வேலைகளில் எவற்றைச் செய்ய வேண்டும்?

பேச்சு தொடங்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். "குழந்தையை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்மா" என்பார்கள். முதல் வாரம் அப்படியே நடக்கும். இரண்டாவது வாரத்தில், "குழந்தை தூங்குற நேரத்துல அந்த ரெண்டு பாத்திரத்தைத் தேய்ச்சு வச்சிடுங்க" என்று தொடங்கும். பிறகு மெஷினில் ஓடி முடித்த துணியை மாடியில் காயப்போடுவது, மாலைக் குழம்புக்குக் காய் நறுக்குவது, ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டு மாவாட்டி எடுப்பது, கூடத்தைப் பெருக்கித் துடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன வேலை. சேர்த்துப் பார்த்தால் முழு வீட்டு வேலையும் ஒருவர் தலையில் வந்து விழுந்திருக்கும். பேசிய சம்பளம் மட்டும் முதல் நாள் சொன்ன இடத்திலேயே நிற்கும்.

இதற்கு ஒரு தெளிவான வரையறை வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த வரையறையை இரண்டு கேள்விகளில் அடக்கிவிடலாம். இந்த வேலை குழந்தையால் உண்டானதா? இதைச் செய்யும்போது விழித்திருக்கும் குழந்தைமீது கண் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது ஆயாவின் வேலை. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால், குழந்தை தூங்கும்போதோ வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதோ செய்ய வேண்டிய வேலை. இரண்டுக்கும் இல்லை என்றால் அது வேறு வேலை. அதற்கு வேறு நேரம், வேறு கூலி, தேவைப்பட்டால் வேறு ஆள்.

இதை வைத்து ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டின் ஒரு நாளை அளந்து பார்க்கலாம். பருப்புசாதத்தைக் குழைத்து ஊட்டுவது, ஊட்டிய இடத்தைத் துடைப்பது, டயப்பர் மாற்றிக் கழுவிவிடுவது, விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைப்பது, தூளியில் போட்டு ஆட்டித் தூங்கவைப்பது எல்லாம் சந்தேகமில்லாமல் ஆயாவின் வேலைகள். எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. அது தெரிந்தவருக்கு அதற்குரிய மதிப்பைக் கூலியிலும் காட்ட வேண்டும். பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுவது, குழந்தையின் துணியை அலசுவது ஆகியவை குழந்தையால் உண்டானவைதான், ஆனால் அடுப்படிக்கோ குழாயடிக்கோ இழுப்பவை. இவற்றைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும், இல்லையேல் பெற்றோர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். குடும்பத்தின் பாத்திரம், பெரியவர்களின் துணி, வீடு முழுவதும் பெருக்குவது, மதியச் சமையல், ரேஷன் கடை வரிசை ஆகியவை இந்தச் சம்பளத்தில் அடங்காதவை. பள்ளிவிட்டு வரும் மூத்த பிள்ளையைப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அழைத்துவருவது முதலிலேயே பேசிக்கொண்டால் சேரலாம், ஆனால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சம்பளம் பேச வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது முற்றிலும் தனி வேலை. கழிவறை கழுவுவதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதே கைதான் சற்று நேரத்தில் குழந்தைக்குச் சோறு ஊட்டப்போகிறது.

இந்தக் கோட்டைக் கறாராக வரையச் சொல்வதற்கு முதல் காரணம் கூலியல்ல, குழந்தையின் உயிர். நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் உலக அளவில் ஒன்று முதல் நான்கு வயதுவரையான குழந்தைகளிடையே மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கிணறோ குளமோ தேவையில்லை. தவழும் குழந்தை எட்டிப்பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், குளியலறையில் பிடித்துவைத்த பக்கெட் தண்ணீரே போதும். அந்த வயதுக் குழந்தைக்குத் தலை கனம் அதிகம், தானாக நிமிர்ந்து வெளியே வரத் தெரியாது, கூப்பிடவும் முடியாது. சில நிமிடங்களில், சத்தமே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும். முந்திரிப் பருப்பும் வேர்க்கடலையும் தட்டில் எப்போதும் இருக்கும் வட்டாரம் இது. ஒரு துண்டு மூச்சுக்குழாயில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைக் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். இறக்கிவைத்த குழம்புச் சட்டி, சொருகியிருக்கும் இஸ்திரிப் பெட்டி, தாழிடாத வாசல் கதவு என்று இந்தப் பட்டியல் நீளும். இவை அனைத்துக்கும் ஒரே தடுப்பு, ஒரு பெரியவரின் கண் குழந்தையின்மேல் இருப்பதுதான். அந்தக் கண்ணைத்தான் நாம் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறோம். அமர்த்திய பிறகு நாமே அதைத் தேய்க்கும் தொட்டியின் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

அரசு இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருந்திருக்கின்றன. அங்கன்வாடியின் அமைப்பே பொதுவாக இரண்டு பேரை அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர், மற்றவர் உதவியாளர். சமையலும் துப்புரவும் உதவியாளர் பக்கம், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் எடை பார்த்துப் பதிவேடு எழுதுவதும் பணியாளர் பக்கம் என்று வேலை பிரிந்திருக்கிறது. பணியிடம் காலியாகி ஒருவரே இரண்டையும் சுமக்க நேரும்போது, முறையாக இயங்கவில்லை என்று பெற்றோர் புகார் சொல்கிறார்கள். அந்தப் புகார் நியாயமானது. பொது மையத்தில் குறை என்று நாம் சொல்லும் அதே நிலையைத்தான் நம் வீட்டில் ஏற்பாடு என்று வைத்திருக்கிறோம்.

வேலையின் எல்லையை எழுதிவைப்பது அதிசயமான கோரிக்கையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு அவர் செய்ய வேண்டிய வேலையின் வகையைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஹாங்காங்கில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளருக்கான அரசு ஒப்பந்தப் படிவத்தோடு வேலைகளைக் குறிப்பிடும் அட்டவணையும் இணைந்திருக்கிறது. சிங்கப்பூரில் உயரமான அடுக்குமாடிகளின் ஜன்னல்களை வெளிப்புறமாகத் துடைக்கும்போது வீட்டுப் பணியாளர்கள் தவறி விழுந்து இறந்தார்கள். அதன்பின் 2012-இல் அந்த வேலைக்கு அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது. கம்பி பொருத்திப் பூட்டிய ஜன்னலாக இருக்க வேண்டும், வீட்டுக்காரர் உடனிருந்து மேற்பார்வை செய்ய வேண்டும். எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று வகுப்பது உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதை அந்த ஊர் சாவுகளைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2007-இல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைந்தது. பதிவு செய்துகொண்டவருக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் உதவி, முதுமையில் ஓய்வூதியம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதி எனப் பல உதவிகள் உண்டு. 2018-இல் வீட்டுப் பணியாளருக்கான குறைந்தபட்சக் கூலியை மணிக் கணக்கில் அரசு நிர்ணயித்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் மணிக்கணக்குக் கூலியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது நேரத்தை அளக்கிறது, அந்த நேரத்துக்குள் எத்தனை வேலையைத் திணிக்கிறோம் என்பதை அளப்பதில்லை. ஒரே மணி நேரத்தில் குழந்தையையும் பார்த்து, பாத்திரத்தையும் தேய்த்து, மாவையும் ஆட்டினால் கணக்கில் வருவது ஒரு மணி நேரம்தான். எனவே கூலியை நிர்ணயிப்பதோடு வேலையின் எல்லையையும் நிர்ணயிக்காவிட்டால் பாதிப் பாதுகாப்புத்தான் கிடைக்கும். வீட்டுப் பணியாளர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசைப் பணித்தது. அப்படி ஒரு சட்டம் வந்தால், வேலை விவரத்தை எழுதிக் கொடுப்பது அதில் கட்டாயமாக வேண்டும்.

இதை மறுப்பவர்கள் முதலில் கேட்பது, "குழந்தை இரண்டு மணி நேரம் தூங்குகிறதே, அந்த நேரத்துக்கும் சும்மா உட்காரச் சம்பளமா?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்கான பதில் நெய்வேலிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் ஒழுங்காக ஓடும் இரவில், ஷிப்டில் இருப்பவர் பெரும்பாலும் திரைகளையும் முட்களையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவரைச் சும்மா இருக்கிறார் என்று எவரும் சொல்வதில்லை, ஓய்வான நேரத்தில் தரையைத் துடைக்கச் சொல்வதும் இல்லை. ஏதாவது நேர்ந்தால் அந்த நொடியில் கை நீட்ட ஒருவர் அங்கே இருப்பதற்குத்தான் சம்பளம். தூங்கும் குழந்தையின் அருகில் இருப்பவரின் வேலையும் அதுதான். தவிர, புட்டி கழுவுவதும் கஞ்சி காய்ச்சுவதும் துணி மடிப்பதும் அந்தத் தூக்க நேரத்தில்தான் நடக்கின்றன. அவையெல்லாம் முடிந்து அவர் கால்மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். இந்தக் கவலை உண்மையானது, இதை அலட்சியப்படுத்த முடியாது. ஒப்பந்தத் தொழிலாளராகவோ கடை ஊழியராகவோ இருக்கும் தாய்க்குத் தன் சம்பளத்தின் பெரும்பகுதி ஆயாவுக்கே போய்விடக்கூடும். ஆனால் இதற்கு வழி, வேலையை ஒளித்துத் திணிப்பதல்ல, வெளிப்படையாகப் பேசுவது. ஒருவரே இரண்டு வேலையையும் செய்யலாம், ஒரே நேரத்தில் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவர் வீடு திரும்பிக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, ஒரு மணி நேரம் வீட்டு வேலைக்கு என்று ஒதுக்கி, அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். அதற்கும் வசதி இல்லையென்றால், வீட்டைத் துடைப்பது வாரத்தில் இரண்டு நாளாகக் குறையட்டும். குழந்தையின் பாதுகாப்பைக் குறைப்பதைவிடத் தரையின் பளபளப்பைக் குறைப்பது மேல்.

கட்டுப்படியாகாது என்ற பேச்சுக்குள் இன்னொரு கணக்கும் மறைந்திருக்கிறது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஒரு வீட்டில் தாயும் தந்தையும் சமமாக ஷிப்டு பார்க்கும்போதும் அடுப்படி தாயின் பொறுப்பாகவே இருக்கிறது. அவரால் முடியாதபோது அந்த வேலை தந்தையிடம் போவதில்லை, ஆயாவிடம் போய்ச் சேர்கிறது. ஆக, ஆயாவின் தலையில் ஏறும் பாத்திரங்களில் பெரும்பகுதி, வீட்டு ஆண் கழுவாமல் விட்ட பாத்திரங்கள். தாய்க்கும் ஆயாவுக்கும் நடுவே எழும் மனக்கசப்பில் தந்தையின் பங்கு பேசப்படுவதே இல்லை. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வைத்தால், இரண்டாவது ஆளுக்கான தேவையில் பாதி குறைந்துவிடும்.

மூன்றாவதாக, "எங்கள் வீட்டில் அவர் வேலையாள் இல்லை, குடும்பத்தில் ஒருவர், குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா?" என்கிறார்கள். மனதார அப்படி நினைப்பவர்கள் உண்டு. தீபாவளிக்குப் புடவையும் மகள் படிப்புக்குப் பணமும் கொடுத்து உதவுபவர்களும் உண்டு. தமிழ் மரபில் வளர்த்தவருக்குத் தனி இடம் இருந்திருக்கிறது என்பதும் உண்மை. அகப்பாடல்களில் செவிலித்தாய் நற்றாயோடு சேர்ந்து மகளுக்காகக் கலங்குகிறாள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கண்ணகிக்காக அரற்றுவோரில் அவளை வளர்த்த காவற்பெண்டும் ஒருத்தி. அந்த மரபைச் சொல்கிறவர்கள் அதன் மதிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் ஆயாவுக்குத் தனித் தம்ளர் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. தன் பிள்ளைக்கு அவர் கையால் சோறு ஊட்டச் சம்மதிக்கும் வீடு, தன் தம்ளரை அவர் தொடச் சம்மதிக்காதது எந்த நியாயத்திலும் அடங்காது. குடும்பத்தில் ஒருவர் என்றால் உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தர வேண்டும், உட்கார நாற்காலி தர வேண்டும். அதையெல்லாம் தருகிற வீட்டுக்கு, வேலையின் எல்லையை எழுதிக் கொடுப்பதில் தயக்கம் இருக்க முடியாது.

"அவரே விருப்பப்பட்டுத்தானே செய்கிறார், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே" என்பது கடைசி மறுப்பு. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுச் செலவை ஓட்டுபவர், வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே "முடியாது" என்று சொல்லத் துணிவாரா? சொன்னால் அடுத்த நாளே வேறொருவர் வந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். மறுத்துச் சொல்ல இடமில்லாத இடத்தில் சம்மதம் என்ற பேச்சுக்குப் பொருளில்லை. இதை நெய்வேலிக்கு விளக்க வேண்டியதே இல்லை. பணி நிரந்தரத்துக்காகவும் சம வேலைக்குச் சம ஊதியத்துக்காகவும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எந்தப் பணியாளர் எந்த வேலையைச் செய்ய வேண்டும், கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் வராவிட்டால் ஓவர்டைம் உண்டா என்று பேசிப் பேசி உரிமை பெற்ற தொழிற்சங்கங்களின் ஊர் இது. சுரங்க வாசலில் தனக்கு எழுத்துப்பூர்வமாக வேண்டும் என்று கேட்கும் தொழிலாளி, தன் வீட்டு வாசலில் இன்னொரு தொழிலாளிக்கு அதைக் கொடுத்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒரு பக்கத் தாளில், தமிழில், இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். வேலை நேரம், அடங்கும் வேலைகள், அடங்காத வேலைகள், கூடுதல் வேலைக்கான மணிக்கூலி, வார விடுமுறை, பெற்றோரின் ஷிப்டு மாறும்போதும் வீடு திரும்பத் தாமதமாகும்போதும் என்ன கணக்கு என்பவை அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவரை வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். தொழிலாளர் துறை இதற்கு ஒரு மாதிரிப் படிவம் வெளியிட்டு, நலவாரியப் பதிவின்போதே கையில் கொடுக்கலாம். தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர் வீடுகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் இடம் தரும் காப்பகங்கள், ஷிப்டு நேரத்துக்கு ஏற்பத் திறந்திருந்தால், தனி ஆள் அமர்த்த முடியாத பெற்றோரின் சுமையும் குறையும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன், உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருபவரை உட்காரவைத்து, இதுவரை பேசாமல் சேர்ந்துபோன வேலைகளை இருவருமாக எண்ணிப் பாருங்கள். குழந்தையைச் சேராத வேலைகளை எடுத்துவிடுங்கள், அல்லது அவற்றுக்குத் தனிக் கூலியும் தனி நேரமும் கொடுங்கள். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அவர் கையில் வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது.